காய்ந்த தொட்டியும் என் கருநாக்கும்

கான்கிரீட் ஒட்டு எங்கே, எப்போது வெடிக்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்வது என் தொழில். சரியாகச் சொன்னால் கிடைக்கும் பட்டம் கருநாக்குக்காரன். குளியலறைத் தரையைப் பூசிவிட்டு மறுமாதமே விரிசலைப் பார்த்து வயிறெரிந்த மக்களே, நீங்களாவது கேளுங்கள்.

கணக்கு

மலேசியாவின் கேமரன் மலையில், ரிங்லெட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குத் தண்ணீர் தரும் பழைய தொட்டியின் உட்சுவர் பெயர்ந்துவிட்டது. பெண்கள் ஓடையிலிருந்து வாளியில் சுமந்துகொண்டிருந்தார்கள். ஒட்டுப்போட ஏற்பாடானது. புதுக் கான்கிரீட் காயும்போது சுருங்கப் பார்க்கும். எப்போதோ சுருங்கி முடித்த பழைய சுவர் விடாமல் இழுத்துப் பிடிக்கும். அவசரமாகக் காய்ந்தால் கிழிந்துவிடும். ஒரு வாரத்தில் தொட்டியை நிரப்புங்கள், இல்லையென்றால் மூன்றாவது வாரம் விளிம்பில் விரியும் என்று எழுதிக் கொடுத்தேன். மேனேஜர் தாளைப் புரட்டக்கூட இல்லை.

"பெரிய துரை கே.எல்.லருந்து வந்து வால்வைத் திறக்கணும். அதுக்கு முன்னாடி ஒரு சொட்டுத் தண்ணி விடக்கூடாது."

சாக்கு

ஒட்டுப்போட்டதும் ஈரச் சாக்கை நானே சுவரில் போர்த்தி, தினமும் நனைக்கும்படி ஆள்களை வேலை வாங்கும் கங்காணியிடம் சொல்லிவிட்டு வந்தேன். நாலு நாள் கழித்துப் போனால் சுவர் வெளுத்துக் கிடக்கிறது. மூடியில்லாத தொட்டி, மேட்டுக்காற்று வேறு. சாக்கெல்லாம் கங்காணி பயிரிட்ட முட்டைக்கோஸைக் கட்டிக்கொண்டு கியா பார்ம் சந்தைக்கு லோரி ஏறிவிட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கங்காணி அசரவில்லை.

"காலையில பனி, சாயங்காலம் மழை. கேமரன்ல ஈரத்துக்கா பஞ்சம் லா?"

திறப்பு விழா

மூன்றாவது வாரம் விளிம்பில் நகம் நுழையும் விரிசல். மேனேஜர் அதன்மேல் பெயிண்ட் அடிக்கச் சொன்னார். பெரிய துரை வால்வைத் திறந்தார், கைதட்டல், படம், தேநீர். மறுநாளே தொட்டி காலி. அவன் வாய் வைத்தான், வெடித்துவிட்டது என்று மேனேஜர் லயம் முழுக்கச் சொல்லிவிட்டார்.

என் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள அந்தத் தாளின் நகலோடு லயத்துக்குப் போனேன். கொழுந்து பறித்துவிட்டு வந்த பார்வதி அக்கா, இரண்டு கையிலும் ஓடைத் தண்ணீரோடு மேடு ஏறிக்கொண்டிருந்தார். தாளை நீட்டி விளக்கினேன். வாளியை இறக்காமலேயே கேட்டுக்கொண்டார்.

"மேனேஜர்கிட்ட சொன்னே, கங்காணிகிட்ட சொன்னே. எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா தெனம் ரெண்டு வாளி ஊத்தி நாங்களே நனைச்சிருப்போமே, தம்பி."

யார் யாருக்கோ ரிப்போர்ட் எழுதுகிற எங்கள் தொழிலில், தண்ணீர் சுமக்கிறவளுக்கு ஒரு பிரதி கொடுக்கும் வழக்கம் மட்டும் இல்லை.