முதலில் ஏற்றியது

அந்த வருடம் எங்கள் வீட்டுக்குச் சக்கரம் இருந்தது. அப்பா, சித்தப்பா, நான் மூவரும் ஒரு பழைய கரவனில் குடியிருந்தோம். எந்தத் தோட்டத்தில் வேலை கிடைத்ததோ அங்கே அதைக் காருக்குப் பின்னால் கொளுவி இழுத்துக்கொண்டு போவோம். அம்மா கொழும்பில் விசாவுக்குக் காத்திருந்தார். இந்தா அந்தா என்று அது தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது.

வடக்கே ரண்டர்ஸ் என்ற ஊரில் வேலை கிடைத்தது. புறப்படும் நாளன்று அப்பா முதல் வேலையாகத் தையல் மெஷினை ஏற்றினார். இரும்புக் காலும் மிதிபலகையுமாக, பழைய சாமான் சந்தையில் அம்மாவுக்கென்று வாங்கியது. எங்கள் மூவருக்கும் ஊசியில் நூல் கோக்கவே வராது. அதை ஏற்றிவிட்டு அவர் தோட்ட முதலாளியிடம் விடைபெறப் போனார்.

மற்றதெல்லாம் சித்தப்பாவின் பொறுப்பு. கரவன் கதவருகே ஒரு தகட்டில் ‘லாஸ்ட் 200 கிலோ’ என்று பொறித்திருந்தது. சித்தப்பா ஊரில் ஆங்கிலத்துக்கு டி, அதாவது அதிவிசேட சித்தி, எடுத்தவர். லாஸ்ட் என்றால் கடைசி. ஆகவே கடைசியாக ஏற்றும் சாமான்தான் இருநூறு கிலோவுக்குள் இருக்கவேண்டும், முதலில் ஏற்றியதற்குக் கணக்கில்லை என்று தீர்ப்புச் சொன்னார். அரிசி மூட்டைகள், வெங்காயம், டிவி, எனக்கு உயிரான சிவப்புச் சைக்கிள் எல்லாம் ஏறின. கரவன் சினைப்பசு மாதிரி வயிறு தாழ்ந்து நின்றது.

வழியில் வைலே என்ற ஊருக்கு இப்பால் பொலிஸ் மறித்தது. பொலிஸ்காரர் தகட்டில் விரலை வைத்து டேனிஷில் நிறையச் சொன்னார். அப்பா கேட்டுத் தலையாட்டிவிட்டு எங்களிடம் திரும்பினார்.

“லாஸ்ட் எண்டால் இவையின்ர பாசையிலை பாரமாம். எல்லாம் சேர்த்துத்தான் இருநூறாம்.”

“அப்ப இவங்கள் இங்கிலீசைப் பிழையாயெல்லோ எழுதி வைச்சிருக்கிறாங்கள்,” என்றார் சித்தப்பா. அவர் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்று கால்தான்.

பாரத்தைக் குறைத்தால்தான் போகலாம். பக்கத்துப் பண்ணைக்காரர் தன் கொட்டிலில் சாமான் வைக்க இடம் தந்தார். அரிசி இறங்கியது, டிவி இறங்கியது, அப்பாவின் மெத்தையும் இறங்கியது. பொலிஸ்காரர் இன்னும் போதாதென்று தலையை ஆட்டினார். அப்பா என் சைக்கிளில் கை வைத்தார்.

எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. ஒருவருமே தைக்காத மெஷின் உள்ளே இருக்க, நான் ஓடுகிற சைக்கிள் ஏன் இறங்கவேண்டும்? கேட்டேவிட்டேன். அப்பா சைக்கிளை இறக்கிக் கொட்டில் சுவரில் சாய்த்து வைத்தார்.

“அது முதல் ஏத்தினது, பிள்ளை,” என்றார். “அது பாரத்திலை சேராது.”

சித்தப்பா உள்ளே போய் மெஷின் ஆடாமல் அதைக் கயிற்றால் கட்டினார். பொலிஸ்காரர் போகச் சொல்லிக் கைகாட்டினார். இலேசான கரவன் துள்ளிக்கொண்டு ஓடியது. நானோ சைக்கிளை மறந்து அப்பாவை நினைத்துக் கவலைப்பட்டேன். பொலிஸ்காரர் சொன்னதை எங்களுக்குத் தமிழில் எடுத்துச் சொன்னதே அவர்தான். லாஸ்ட் என்றால் என்னவென்று அவருக்கே இன்னும் விளங்கவில்லையே என்று ரண்டர்ஸ் வரும்வரை யோசித்துக்கொண்டிருந்தேன்.