பங்குனி மழையில் ஒரே ஒரு தார்ப்பாய்

2008 மார்ச்சில் தமிழ்நாடு முழுக்கக் கொட்டிய காலம் தவறிய மழை ஞாபகம் இருக்கிறதா? அந்த மழையில்தான் நான் விருத்தாசலம் போய் மாட்டினேன். காரணம் எங்கள் கிரகப்பிரவேசம். வருகிறவர்களுக்கு எவர்சில்வர் டப்பா கொடுத்து அலுத்துவிட்டது, பீங்கான் யானை கொடுக்கலாம் என்று வாயை விட்டவன் நான்தான்.

சென்னையிலிருந்து திண்டிவனம், உளுந்தூர்பேட்டை வழியாக 220 கிலோமீட்டர். பெட்ரோல் எழுநூறு ரூபாய். உளுந்தூர்பேட்டைக்குப் பிறகு சாலை இடுப்பை ஒடித்துவிட்டது. போய் இறங்கியபோதே திரும்பிவிடலாமா என்று இருந்தது.

பீங்கான் தொழிற்பேட்டையில் சின்னப் பட்டறை வைத்திருக்கும் செல்வியிடம்தான் யானைகளுக்குச் சொல்லியிருந்தேன். வாங்கிப் போகலாம் என்று வந்தால், முற்றம் முழுக்கப் பலகைகளில் சுடாத யானைகள் காய்ந்துகொண்டிருந்தன. பொதுச் சூளையில் மறுநாள் அவர் முறை. தவறினால் அடுத்த முறை ஒரு மாதம் கழித்துத்தான். என் விசேஷமோ அடுத்த வாரம்.

டீ குடித்து முடிப்பதற்குள் தூறல் ஆரம்பித்தது. பட்டறைக்குள் அச்சுகளுக்கே இடமில்லை. கிடைத்த சாக்கு, பிளாஸ்டிக் பை எல்லாவற்றையும் போட்டு மூடினோம். தூறலுக்குத் தாங்கும், பெருமழைக்குத் தாங்காது. தார்ப்பாய் இல்லையா என்று கேட்டேன்.

"மாசி பொறந்தா அதைக் களத்துக்குக் குடுத்துடுவோம் சார். பங்குனியில எங்க மழை? மறுபடி ஐப்பசிக்குத்தான் வாங்குவோம். பெண்ணாடத்துல என் தம்பிகிட்ட இருக்குது. இந்நேரம் உளுந்த மூட்டை கட்டியிருப்பான், சும்மாதான் கெடக்கும். போன் போட்டா எடுக்க மாட்டேங்கறான். கார்ல போயிட்டு வந்துடறீங்களா?"

சுமார் இருபது கிலோமீட்டர். களத்தில் அவர் தம்பி குமார் நின்றிருந்தார். தார்ப்பாய் சும்மா கிடக்கவில்லை. அதன் அடியில் அடித்துக் குவித்த உளுந்து இருந்தது. விஷயத்தைச் சொன்னேன். வானத்தைப் பார்த்தார், குவியலைப் பார்த்தார்.

"அக்கா கேட்டுச்சா?"

"ஆமாம்."

நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் தார்ப்பாயை இழுத்துச் சுருட்டி டிக்கியில் திணித்துவிட்டார். "உளுந்து கெடக்குதுன்னு மட்டும் சொல்லாதீங்க சார்."

திரும்பும் வழியில் மழை வெளுத்து வாங்கியது. போதாததற்கு ரயில்வே கேட் வேறு மூடியிருந்தது. பட்டறைக்குப் போனால் பலகைகளில் வெள்ளைச் சேறுதான் மிச்சம். ஒரு தும்பிக்கைகூட நிற்கவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"விடுங்க சார், சுடாத மண்ணுதானே, கரைச்சா திரும்ப அச்சுல ஊத்திக்கலாம். சூளை முறைதான் போச்சு," என்றார் செல்வி, என் முகத்தைப் பார்க்காமல். பிறகு தார்ப்பாயை வாங்கி ஓர் உதறு உதறினார். மடிப்பிலிருந்து உளுந்து மணிகள் தரையில் கொட்டின.

"அவன் இன்னும் மூட்டை கட்டலியா?"

அவர் அவசரமாகத் தார்ப்பாயைச் சுருட்டினார். "நனைஞ்சா மொளச்சுப் போயிடும். உடனே எடுத்துட்டுப் போங்க சார். பொம்மைங்க தப்பிச்சிடுச்சுன்னு சொல்லுங்க, இல்லன்னா அவன் இதை வாங்க மாட்டான்."

உடம்பில் துளி தெம்பில்லை. ஆனாலும் மறுபடி அதே இருபது கிலோமீட்டர். குமார் சட்டையைக் கழற்றிக் குவியல்மேல் விரித்து, அது பறக்காமல் இருக்கக் கையால் அழுத்திக்கொண்டு நனைந்துகொண்டிருந்தார். இரண்டு பேரும் தார்ப்பாயை இழுத்துப் போட்டோம். மேலாக நனைந்திருந்தது, அடியில் இருந்தது தப்பியது.

"பொம்மைங்க?"

"தப்பிச்சிடுச்சு."

"அப்பாடா!" என்று ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "உளுந்து விஷயம் அக்காவுக்குத் தெரியாதுல்ல?"

"தெரியாது."

கிரகப்பிரவேசத்துக்கு எவர்சில்வர் டப்பாதான் கொடுத்தோம்.

விருத்தாசலம் போகிறவர்கள் பொம்மைக்கு இரண்டு மாதம் முன்பே சொல்லிவிடுங்கள். பங்குனிதானே, மழை எங்கே வரப்போகிறது என்று கிளம்பாதீர்கள். டிக்கியில் ஒரு தார்ப்பாய் இருக்கட்டும். நான் இரண்டு வைத்திருக்கிறேன்.