பேச்சியம்மாள் கட்டிய பெயர்ப் பாட்டு

பேச்சியம்மாளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தவள் நான் என்று அவளுடைய பதினாறாம் நாளன்று சிலர் பேசியதாகக் கேள்விப்பட்டேன். தவறு. கான்வென்ட்டில் நான் படித்த ஆங்கிலப் பாட்டு எதையும் அவள் பாடியதில்லை. சொல்லப்போனால், அவள் பாட்டை நிறுத்தியவள் நான்.

எலப்புள்ளியில் மகள் வீட்டில் இருக்கும் எனக்கு, எங்கள் அங்கன்வாடியில் வளர்ந்த செல்விதான் தொலைபேசியில் செய்தி சொன்னாள். "டீச்சர், நம்ம பேச்சி ஆயா போயிட்டாவ."

மாட்டுப்பட்டி பக்கத்து எஸ்டேட் அங்கன்வாடியில் நான் டீச்சர், பேச்சி ஆயா. பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்து, ஒவ்வொரு பிள்ளையின் பெயரிலும் ஒரு பாட்டுக் கட்டியிருந்தாள். தன் பாட்டைக் கேட்டதும் அந்தப் பிள்ளை பக்கத்துப் பிள்ளையின் பாட்டைப் பாட வேண்டும். தன்னுடையதைத் தானே பாடக்கூடாது. சுருதி என்பது அவளிடம் கிடையாது. தாளம் மட்டும் உப்புமாக் கரண்டியில் பிசகாமல் விழும்.

"ஹாஜர் எடுக்கிற நேரத்தில் இது என்ன கூத்து?" என்பேன்.

"பேரைக் கூப்பிட்டா புள்ள தன்னைத்தான் நெனைக்கும் டீச்சரம்மா. பாட்டுன்னா பக்கத்துல இருக்கவனையும் பாக்கும்லா?"

சூப்பர்வைசர் வரவிருந்த ஒரு காலையில் பாட்டை நிறுத்திவிட்டு ஹாஜர் புத்தகத்தைத் திறந்தேன். மூன்று வயதுச் செல்வி ஒரு நாளும் 'பிரசன்ட்' சொன்னதில்லை. அதனால் அவள் பெயருக்கு நேரே வழக்கம்போல் தலை நிமிராமல் குறி போட்டேன். அவள் இடம் காலியாக இருந்ததை அரைமணி கழித்துப் பேச்சிதான் கண்டாள். வெளியே மூடுபனி. தேயிலைச் சரிவுக்குக் கீழே ஓடை.

"செல்வி! செல்வி!" என்று அலறினேன். பேச்சி என் கையைப் பிடித்தாள்.

"கத்தாதீய டீச்சரம்மா. ஏச வாறீயன்னு பதுங்கிரும்."

அடுப்படியில் நிற்பவள்போல நிதானமாகப் பாடிக்கொண்டே சரிவில் இறங்கினாள்:

"செல்விக் குட்டி செம்பருத்தி
சோறு வச்சா பறக்கும் சிட்டு."

மூன்றாம் முறை பாடியபோது செடிகளுக்குள்ளிருந்து ஒரு மெல்லிய குரல்:

"மணிப்பயலே மாங்கொட்ட
மண்டையிலே ஒரு மொட்ட."

பாட்டு நேரத்தில் நான் காது கொடுத்ததே இல்லை; செல்வியின் குரலை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். அங்கன்வாடி ஜன்னலிலிருந்து மணி, "ஏய், எனக்கு முடி மொளைச்சாச்சு!" என்று கத்தினான். பேச்சி விழுந்து விழுந்து சிரித்தாள். நான் அழுதேன்.

"வாய் இருக்கு டீச்சரம்மா. கேள்விக்குத்தான் தெறக்காது" என்றாள், பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு.

சற்று நேரத்தில் சூப்பர்வைசர் வந்தார். முதலில் பாட்டு, பிறகு புத்தகம் என்று ஆரம்பித்தேன். "இது எதுக்கு?" என்று கேட்டார். "இதுதான் சார் எங்கள் ஹாஜர்" என்றேன். ஓய்வு பெறும்வரை அந்த வரிசையை நான் மாற்றவில்லை.

எனக்கும் ஒரு பாட்டு இருந்தது. நான் முதுகைத் திருப்பினால் பாடுவார்கள். "கமலா டீச்சர் கண்ணாடி, கோணல் கண்டா முன்னாடி." காது கேளாதவள்போல் இருந்துவிடுவேன். எஸ்டேட் ஆபீஸில் இருந்த என் கணவர் எங்கேயோ அதைக் கேட்டுவிட்டு, நான் குறை சொல்லும்போதெல்லாம் கடைசிவரை அதைப் பாடிக் காட்டினார். பேச்சியிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது அந்த இரண்டு வரிதான். யாருக்கும் கொடுக்கமாட்டேன்.

மற்ற பாட்டுகளை அவள் எழுதி வைக்கவில்லை. அவளுக்கு எழுதத் தெரியாது. செல்வியின் கைக்குழந்தைக்கும் இன்றைய அங்கன்வாடிப் பிள்ளைகளுக்கும் அவை வேண்டும். அந்த வட்டத்தில் உட்கார்ந்தவர்கள், நினைவிருப்பதைத் தாளில் எழுதித் தபாலில் எனக்கு அனுப்புங்கள். குரல் பதிவு வேண்டாம். கையெழுத்து கோணாமல் தெளிவாக இருக்கட்டும்.