இரண்டு கழகங்களின் வரலாறு

ஸ்காபரோவில் ஒரு டோனட் கடை. எதிரே இருப்பவர் எங்கள் ஊர் உதைபந்தாட்டக் கழகத்தின் முன்னாள் செயலாளர் குணமண்ணை. நான் அகதியாக வாழும் டென்மார்க் சிற்றூரிலிருந்து அவருக்கு ஒரு பரிசு கொண்டுவந்திருக்கிறேன்: அவ்வூர்த் தொழில்முறை உதைபந்தாட்டக் கழகத்தின் வரலாற்று மலர். வாசிக்க முடியாத மொழியில் புத்தகம் கொடுப்பது என் வழக்கம். குறை சொல்ல ஆளிருக்காது.

அவர் படங்களைப் புரட்டுகிறார். பால் பண்ணைத் தொழிலாளர்கள் தொடங்கிய நாள் முதல் ஆண்டுக்கொரு அணி, கீழே பெயர்கள்.

"சண்டைக் காலத்திலயும் இருக்கே?"

"ஓம் அண்ணை. ஜெர்மன்காரன் ஊருக்குள்ள நிக்கேக்கயும் பேர் எழுதி வைச்சிருக்கினம்."

"விசர்ச் சனம்."

அவர் சிரிக்கவில்லை. ராணுவம் ஊரைச் சுற்றிவளைத்த காலையில் எங்கள் கழகப் பதிவேட்டை அடுப்பில் வைத்தவர் அவர்தான். பெயர்கள் கிடைத்தால் பெடியன்களைப் பிடிப்பார்கள் என்று பயம். பெயரில்லாமலே பிடித்துக்கொண்டு போனார்கள்.

கோட்டுப் பையிலிருந்து ஒரு கொப்பியை எடுக்கிறார். எங்கள் கழகத்தின் கடைசி அணியை ஞாபகத்திலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறாராம்.

"பத்துப் பேர் வந்திட்டினம். இடது பக்கம் விளையாடினது ஆரடாப்பா?"

"முகம் தெரியுது அண்ணை. பேர் வருகுதில்லை."

கோப்பி ஆறும்வரை யோசிக்கிறார். பிறகு பென்சிலால் என் பெயரை எழுதுகிறார்.

"அண்ணை, நான் ஒரு நாளும் இறங்கி விளையாடேல்லை. இடைவேளைக்குத் தோடம்பழம் வெட்டிக் குடுத்தனான்."

"தெரியும். அவன்ர பேர் வருமட்டும் நீ அந்த இடத்தில நில்லு."