ஐஸ்கிரீமில் ஏலக்காய் எங்கே?

சொல்ல வெட்கம்தான். மூணாறில் ஜப்பான், தாய்லாந்துச் சாப்பாடெல்லாம் கலந்து தரும் பெரிய ஹோட்டலில், இன்று ஏலக்காய் ஐஸ்கிரீமைத் தின்பதற்கு முன் மோந்து பார்த்தேன்.

"அம்மா, எல்லாரும் பாக்காங்க," என்று மகன் தலையைக் குனிந்துகொண்டான்.

"பாக்கட்டும்டா. இதுல ஏலக்காயே இல்ல, எசென்ஸு."

சர்வர் சிரித்தார். "உடும்பஞ்சோலை ஏலக்காதான் சேச்சி. ஷெஃப் சொன்னார்."

"உங்க ஷெஃப் எத்தன வருசம் காய் எடுத்தாராம்? நான் அங்க ஏலத்தோட்டத்துல இருபது வருசமா எடுக்கேன். அவர வரச் சொல்லுங்க."

ஷெஃப் வந்தார். "எசென்ஸ்தான் சேச்சி," என்றார் மெதுவாக.

மகன் தன் கிண்ணத்தையும் என் பக்கம் தள்ளினான். "இதையும் மோந்து பாருங்கம்மா."

மோந்து பார்த்தது தப்பா? நீங்களே சொல்லுங்கள்.

பிறகு கம்பீரமாக எழுந்தேன். காய் எடுக்கும்போது மடித்துணி செருகுகிற பழக்கத்தில், மேசைவிரிப்பை இடுப்பில் செருகியிருந்தேன். கிண்ணங்களும் என்னோடு கிளம்பின.