பதினாறாவது தாள்

போன வருஷம் ஜூலை பதினெட்டாம் தேதி, வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது நாற்பது. நல்ல மழை. மேற்கேயிருந்து அடித்த காற்றில் குடையை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்தது. கேரளக் கடற்கரையிலுள்ள பூவாரில் பஸ்ஸை விட்டு இறங்கியபோதுதான், மூக்குக்கண்ணாடியை வீட்டு மேஜையிலேயே வைத்துவிட்டு வந்தது தெரிந்தது. எனக்குத் தூரத்துப் பார்வை இன்றும் துல்லியம். கிட்டத்தில் இருப்பதுதான் தெரியாது. இது பின்னால் முக்கியமாகும் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

நில அளவைத் துறையில் முப்பத்தொரு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன் நான். வயது எழுபத்து நான்கு. கொல்லயில் பக்கம் எங்கள் ஊர் வாசகசாலையைச் சம்பளமில்லாமல் பார்த்துக்கொள்கிறேன். நாலாயிரத்து இருநூற்றுப் பதினேழு புத்தகங்கள். நான் பொறுப்பேற்ற பத்தொன்பது வருஷத்தில் ஒரு புத்தகம்கூடத் தொலைந்ததில்லை. அடுத்த திங்கட்கிழமை இருப்புச் சரிபார்க்க மேலிடத்திலிருந்து ஆள் வருவதாக இருந்தது. எண்ணிப் பார்த்தேன், ஒன்று குறைந்தது.

குறைந்தது ஒரு படப் புத்தகம். கஷ்ட காலத்தில் குழந்தைகளுக்குத் தைரியம் தரும் என்று யாரோ ஒரு நல்ல மனிதர் இனாமாகக் கொடுத்த பன்னிரண்டில் ஒன்று. எனக்கு அந்தப் பன்னிரண்டையும் பிடிக்கவில்லை. இந்தப் புத்தகத்தில் பதினாறு தாள், மொத்தமே நூற்றுப் பன்னிரண்டு மலையாள வார்த்தைகள், விலையோ நூற்றெண்பது ரூபாய். வார்த்தைக்கு ஒரு ரூபாய் அறுபது பைசா ஆகிறது. கதையும் அப்படித்தான். ஒரு குட்டி வள்ளம் கடலில் வழி தவறிப் போகிறது. இடி, மூடுபனி, பெரிய மீன் எல்லாவற்றையும் தாண்டிக் கடைசித் தாளில் கரைக்கு வந்து சேர்கிறது. வந்து சேர்ந்த வள்ளத்தில் ஆளில்லை. காலி வள்ளம் கரையேறுவதில் குழந்தைகளுக்கு என்ன தைரியம் என்று அப்போதே என் நோட்டில் குறித்து வைத்திருந்தேன்.

எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் பெண்ணின் மகள்தான் அதை எடுத்துப் போனவள். எட்டு வயது. ஜூன் எட்டாம் தேதி அம்மாவின் பெயரில் எடுத்தாள். பதினான்கு நாளில் தர வேண்டியது, இருபத்தாறு நாள் தாண்டிவிட்டது. கேட்கும்போதெல்லாம் அந்தப் பெண், "நாளைக்குக் கொண்டு வாறேன் சாரே" என்பாள். பிறகு இரண்டு நாளாக அவளையே காணவில்லை. சரி, நாமே போய் வாங்கி வருவோம் என்று கிளம்பினேன்.

பதிவேட்டில் கோயிலுக்குத் தெற்கே ஏழாவது வீடு என்று இருந்தது. மாதா கோயில் கொடிமரத்திலிருந்து எண்ணிக்கொண்டே போனேன். ஏழாவது வீட்டு முற்றத்தில் முப்பது பேருக்கு மேல் நின்றார்கள். எல்லோரும் பெண்களும் குழந்தைகளும். மீன்காரப் பெண் வாசல்படியில் தலைமுடியை முடியாமல் உட்கார்ந்திருந்தாள்.

பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள்தான் சொன்னாள். முந்தின நாள் விடிவதற்கு முன்னால் கடலுக்குப் போன வள்ளம் மத்தியானம் திரும்பியிருக்க வேண்டும். இருபது மணி நேரத்துக்கு மேலாகியும் வரவில்லை. போனவர்கள் நான்கு பேர். இந்த வீட்டுக்காரன், அடுத்தடுத்த வீட்டு அண்ணன் தம்பி இரண்டு பேர், ஏப்ரலில் கல்யாணமான ஒரு பையன். கரையிலிருந்த ஆண்கள் எல்லாம் ஐந்து வள்ளத்தில் தேடிப் போயிருக்கிறார்கள்.

நான் குடையை மடக்கவும் தோன்றாமல் நின்றேன். திரும்பிப் போயிருக்கலாம். அதற்குள் அந்தச் சிறுமி என்னைப் பார்த்துவிட்டாள். உள்ளே ஓடிப்போய்ப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து நீட்டினாள்.

"புக்கு எடுக்கத்தானே சாரே வந்திய?"

எழுதக் கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன். நான் அந்த முற்றத்தில், அத்தனை பேர் நடுவில், புத்தகத்தை வாங்கித் தாள்களை எண்ணினேன். பதினைந்து.

"ஒரு தாள் குறையுதே?"

"கடைசித் தாள் மூணாவது வீட்டுல உண்டு," என்றாள். "நான் தான் கீறி எடுத்தேன்."

முந்தின நாள் சாயங்காலம் அவள் அந்தப் புத்தகத்தைத் தெருப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள். பெண்களும் வந்து உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள். வாசித்து முடித்ததும் நாலு வீட்டுக்காரர்களுக்கும் கடைசிப் படம் வேண்டும் என்றாகிவிட்டது. அதனால் அவளே தாளைக் கிழித்து, வீட்டுக்கு ஒரு மணி நேரம் என்று முறை வைத்துச் சுற்றுக்கு விட்டிருக்கிறாள். ராத்திரி முழுக்க அது நாலு வீட்டையும் சுற்றியிருக்கிறது. காலையில் அந்தப் பையனைக் கட்டிய கல்யாணப் பெண்ணின் வீட்டில், அதாவது மூன்றாவது வீட்டில், வந்து நின்றுவிட்டது.

அந்த நேரத்தில் அங்கேயிருந்துதான் சத்தம் கேட்டது. எல்லோரும் அங்கே போனோம், மீன்காரப் பெண்ணும் எழுந்து வந்தாள்.

"உனக்க மணிக்கூர் முடிஞ்சு ஒண்ணு கூடுதலும் ஆயாச்சு. தா பிள்ளே இங்க!" இது அண்ணன் தம்பிகளின் அம்மா.

"தரமாட்டேன்."

"எனக்கு ரெண்டு பேராக்கும் கடல்ல! உனக்கு ஒருத்தன்."

"உங்களுக்கு ரெண்டு பேரு உண்டு மாமி. எனக்கு அந்த ஒருத்தன்தானே உண்டு?"

அந்த அம்மாள் மழையில் கையை நீட்டியபடி நின்றாள். கல்யாணப் பெண் தாளை மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தாள். இருபது வயதுகூட இருக்காது.

எனக்கு அந்த இடத்தில் என்ன வந்ததோ தெரியாது. வரப்புத் தகராறு நடக்கும் இடத்தில் அளவுச் சங்கிலியோடு போய் நின்றவன் நான். பங்கு போட முடியாத ஒன்றைக் கண்டதும் வாய் தானாகத் திறந்தது. "கலர் நகல் எடுத்தா நாலு வீட்டுக்கும் ஆச்சே. கடை எங்கே இருக்கு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மீன்காரப் பெண்தான் முதலில் பேசினாள். "ரோட்டுல உண்டு சாரே." இவ்வளவு நேரத்தில் அவள் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது என்று பின்னால் சொன்னார்கள்.

தாளை என் கையில் கொடுக்கக் கல்யாணப் பெண்ணுக்குத் தைரியமில்லை. சிறுமியிடம்தான் கொடுத்தாள். அவளும் அதைப் பிளாஸ்டிக் பையில் போட்டுச் சட்டைக்குள் வைத்துக்கொண்டாள். கடைக்கு நானூற்று அறுபது அடி. எழுபத்து நாலு வயதில் பாதித் தூரம் ஓடினேன். குடை இரண்டு முறை மறுபக்கம் திரும்பியது. சிறுமி முன்னால் ஓடிக்கொண்டே, "வெக்கம் வாங்க சாரே, ஆமை கணக்கா வாறிய!" என்று கத்தினாள். வெக்கம் என்றால் எங்கள் பேச்சில் சீக்கிரம்.

கடைக்காரர் தாளை நகல் எடுக்கும் கண்ணாடிமேல் வைத்துவிட்டுத் தயங்கினார். "நகல் எடுக்கக் கூடாதுன்னு புக்குல போட்டிருக்குமே சாரே?"

"போட்டிருக்கு. நான் வாசிச்சிருக்கேன். நீங்க எடுங்க."

மூன்று நகல், ஒன்று இருபது ரூபாய். மெஷின் மெதுவாக ஒவ்வொன்றாகத் துப்பிக்கொண்டிருந்தது. நிற்கிற பதற்றத்தில் நான் சும்மா இருக்காமல், "ஒரு காலி வள்ளத்துக்கு இத்தனை பாடு" என்று முணுமுணுத்துவிட்டேன்.

சிறுமி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "காலியா? சாரு சரியாப் பாக்கல்லியா?"

"எத்தனை தடவை பார்த்திருக்கேன். ஆளே இல்லையே."

அவள் தாளை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள். மங்கலாக இருந்தது. கையை நீட்டித் தூரத்தில் பிடிக்கச் சொன்னேன். வள்ளத்தின் ஓரத்துக்கு மேலே, வெல்லக் கட்டியில் எறும்பு இருப்பதுபோலச் சின்னச் சின்னதாக ஏதோ இருந்தது. அவள் விரலால் தொட்டு எண்ணினாள்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. கால் விரலாக்கும். ஆளு உள்ள கிடந்து உறங்குது சாரே."

அந்தப் புத்தகத்தின் வார்த்தைகளை எண்ணியவன் நான். தாள்களை எண்ணினேன், விலையை வகுத்தேன். அந்த ஐந்து விரலை எண்ணவில்லை. கடைக்காரரும் குனிந்து பார்த்தார். "அட, உண்டே!" என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மாதா கோயில் மணி விடாமல் அடித்தது. கடற்கரைப் பக்கமிருந்து கூச்சல் எழுந்தது. பத்து ஐம்பது.

நகல்களைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு ஓடினேன். குடையை எங்கே விட்டேன் என்று இன்றுவரை தெரியாது. மணலில் செருப்பு புதைந்தது, அதையும் கையில் எடுத்துக்கொண்டேன். கரை முழுக்கச் சனம். மழைத்திரைக்கு அப்பால் இரண்டு வள்ளங்கள். முன்னால் வருவது பின்னால் உள்ளதைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. பின்னால் வருவதுதான் காணாமல் போனது. நீலத்தில் வெள்ளைப் பட்டை.

"ஆளு உண்டா? ஆளு தெரியுதா?" என்று நாலு பக்கமும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கடற்கரைப் பெண்களுக்கு அழுது அழுது கண் மறைத்திருந்தது. எனக்குத்தான் தூரம் தெரியுமே. எண்ணினேன். மறுபடி எண்ணினேன். எண்ணியதை மனதுக்குள் வைத்திருக்கத் தெரியாத பிறவி நான்.

"மூணு," என்று உரக்கச் சொல்லிவிட்டேன். "மூணு பேர்தான் இருக்காங்க."

சொல்லி முடிப்பதற்குள் தெரிந்துவிட்டது என்ன செய்தேன் என்று. அண்ணன் தம்பிகளின் அம்மா மார்பில் அடித்துக்கொண்டாள். கல்யாணப் பெண் அப்படியே மணலில் உட்கார்ந்தாள். மீன்காரப் பெண் என் கையைப் பிடித்து, "யாரு சாரே? எந்த மூணு பேரு?" என்று கேட்டாள். முகம் தெரியும் தூரமில்லை. நாலு வீட்டில் ஏதோ ஒரு வீட்டை நான் ஒரே ஒரு எண்ணால் இடித்துவிட்டு நின்றேன்.

சிறுமி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். தாள் அவள் கையில் இருந்தது.

"நாலாக்கும் சாரே. ஒருத்தரு உள்ள கிடக்காரு. விரல் மட்டும்தான் வெளிய தெரியும். நல்லாப் பாருங்க!"

பார்த்தேன். அவ்வளவு தூரத்தில் விரல் யாருக்குத் தெரியும்? ஆனாலும் அவள் அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். "உள்ள கிடக்காரு, உள்ள கிடக்காரு." பக்கத்தில் நின்ற பிள்ளைகளும் முந்தின நாள் கதை கேட்டவர்கள்தானே, அவர்களும் சேர்ந்து கத்தினார்கள். கல்யாணப் பெண் எழுந்து நின்றாள். வள்ளம் கரையைத் தொடும்வரை அந்த ஏழெட்டு நிமிஷம் அந்தப் பெண்களைக் காலில் நிற்க வைத்தது அந்தச் சத்தம்தான்.

வள்ளம் மணலில் ஏறியது. மூன்று பேர் குதித்தார்கள். அண்ணன், தம்பி, கல்யாணப் பையன். பிறகு மூன்று பேரும் திரும்பிக் குனிந்து, உள்ளேயிருந்து ஒருவரைத் தூக்கினார்கள். முதலில் தெரிந்தது ஒரு கால்.

சிறுமியின் அப்பா. எஞ்சின் நின்றுபோய் வள்ளத்தை அலை தூக்கிப்போட்டபோது முழங்கால் உடைந்து, ராத்திரி முழுக்க வள்ளத்தின் அடியில் கிடந்திருக்கிறார். கண்ணைத் திறந்து பார்த்து, "எனக்க குட்டி எங்க?" என்று கேட்டார். அதற்குப் பிறகு கரையில் எழுந்த சத்தத்தை நான் எழுத்தில் கொண்டுவர முடியாது. அண்ணன் தம்பிகளின் அம்மா யார் எவர் என்று பார்க்காமல் எல்லோரையும் கட்டிப்பிடித்தாள். என்னையும் கட்டிப்பிடித்தாள். "எண்ணத் தெரியாத சாரு!" என்று என் முதுகில் ஓங்கி ஒரு அடியும் வைத்தாள். வலித்தது. வாழ்நாளில் எனக்கு அவ்வளவு சந்தோஷம் தந்த அடி வேறில்லை.

சட்டைக்குள் இருந்த மூன்று நகலும் நனைந்து, கடலும் வானமும் வள்ளமும் ஒரே நீலமாகிவிட்டன. அதையும் ஒரு பெண் உலர்த்தி வைத்துக்கொள்கிறேன் என்று வாங்கிக்கொண்டாள். அப்பாவை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி அனுப்பிய பிறகு சிறுமி பஸ் நிறுத்தத்துக்கு ஓடி வந்தாள். கையில் பதினைந்து தாளும், தனியாக அந்தப் பதினாறாவது தாளும். "பசை போட்டு ஒட்டினா சரியாவும் சாரே," என்றாள்.

நான் அவளிடம் கேட்டேன், "அப்பா உள்ளே கிடக்கிறது உனக்கு நிஜமாவே தெரிஞ்சுதா?"

"இல்ல சாரே," என்றாள். "படத்துலயும் முதல்ல தெரியாதுல்லா?"

புத்தகத்தை அவளிடமே கொடுத்துவிட்டேன்.

வள்ளத்தை இழுத்து வந்தது இன்னொரு வள்ளம், படப் புத்தகம் இல்லை. அது எனக்குத் தெரியும். எல்லா வள்ளமும் வந்து சேர்வதில்லை என்பதும் அந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் கண்ணுக்குத் தெரியாததை எல்லாம் இல்லை என்று கணக்கில் கழிப்பவனாகவே எழுபத்து நாலு வருஷம் இருந்துவிட்டேன். இப்போது எதை எண்ணினாலும், முடித்த பிறகு உள்ளே யாராவது படுத்திருக்கிறார்களா என்று இன்னொரு முறை பார்க்கிறேன். மற்ற பதினொரு படப் புத்தகங்களையும் கண்ணாடி போட்டுக்கொண்டு முதலிலிருந்து பார்த்தேன். மூன்றில் நான் தவறவிட்டது இருந்தது.

திங்கட்கிழமை பதிவேட்டில் பத்தொன்பது வருஷத்தில் முதல் முறையாக 'குறைவு: ஒன்று' என்று என் கையாலேயே எழுதினேன். தொலைத்தவர் இரட்டை விலை தர வேண்டும் என்பது விதி, நானே கட்டியது முந்நூற்று அறுபது. தாமதத்துக்கு இருபத்தாறு. நகல் மூன்றுக்கு அறுபது. பஸ்ஸுக்குப் போக வர நாற்பத்தாறு. பழைய குடையைச் சேர்க்கவில்லை. வார்த்தைக்கு எவ்வளவு, தாளுக்கு எவ்வளவு என்று நான் இன்றுவரை வகுத்துப் பார்க்காத ஒரே தொகை அதுதான்: நானூற்றுத் தொண்ணூற்று இரண்டு ரூபாய்.