குளிரறையில் மூன்று தொட்டிகள்

ஸ்டெல்லா அக்கா செவ்வாய்க்கிழமை காலை, பொங்கோலில் உள்ள தம் வீட்டில், தூக்கத்திலேயே காலமானார். அவருடைய மகள் அனிதா தொலைபேசியில் அழைத்துச் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, "அங்கிள், செடிங்க இன்னும் பூக்கடையிலதான் இருக்கு" என்றார்.

எங்கள் செய்தி அறையில் படக் கோப்புகளைப் பார்த்துக்கொண்டவர் அக்கா. எந்தப் படம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று நாற்காலியிலிருந்து எழாமலே சொல்வார். ஓய்வுபெற்ற பின், வீட்டுக் காரிடாரில் மூன்று தொட்டிகளில் ஹைட்ராஞ்சியா வளர்த்தார். பந்து பந்தாக நீலப் பூ பூக்கும் குளிர்நாட்டுச் செடி. நம் ஊர் வெக்கையில் இலை விடும், பூக்காது. அக்கா விடவில்லை. சிராங்கூன் சாலைப் பூக்கடைக்காரர் முருகையாவிடம் பேசி, ஆண்டுதோறும் இரண்டு மாதம் தொட்டிகளை அவருடைய குளிரறையில் ஒரு விளக்கடியில் வைத்தார்.

"என் மல்லிப்பூ ஒருநாள்தான் ஏசியில இருக்கு. உங்க செடி ரெண்டு மாசம் ஹாலிடே போகுது லா" என்பார் முருகையா.

"அதுக்கு இது குளிர்காலம்ங்க. கதவச் சாத்துங்க, வெக்கை வருது."

தொட்டிகள் வெளியே வரும் நாள்தான் அவற்றுக்கு வசந்தம். அன்று காய்ந்த பூத்தலைகளை மட்டும், கீழே புடைத்து நிற்கும் முதல் மொட்டு இணைக்குச் சற்று மேலே வெட்டுவார். பட்டுப்போன குச்சியை அடியோடு எடுப்பார். உயிருள்ள பழைய தண்டைத் தொடமாட்டார். பூ அதில்தான் வரும்.

ஒருமுறை அவருடைய கணவர் பிரான்சிஸ் மருத்துவமனையில் இருந்ததால் அந்த வேலையை என்னிடம் விட்டார். போனில் விவரமாகத்தான் சொன்னார். வாழ்நாளெல்லாம் குறிப்பெடுத்தவன் அன்று எடுக்கவில்லை. வேலிச்செடியை வெட்டுவதுபோல எல்லாத் தண்டுகளையும் ஒரு சாண் உயரத்துக்கு வெட்டிவிட்டேன். இலை அடர்ந்து வந்தது. வழக்கமாக ஈஸ்டருக்குப் பூத்துவிடும்; அந்த முறை ஒரு பூ இல்லை.

அக்கா தண்டுகளைத் தடவிப் பார்த்தார். "செடி சாகல தம்பி. இந்த வருஷத்த மட்டும் வெட்டிட்டீங்க." பிறகு டீ போட்டுக் கொடுத்தார்.

ஈஸ்டருக்கு மறுவாரம் பிரான்சிஸ் அண்ணன் இறந்தார்.

நேற்று அக்காவின் நல்லடக்கம் முடிந்த பிறகுதான் அனிதா மீதியைச் சொன்னார். "அப்பா டெய்லி பூ வந்துச்சான்னு கேப்பாங்க அங்கிள். இந்த வருஷம் ஹீட் ஜாஸ்தி, பூக்காதுன்னு அம்மா சொல்லிட்டாங்க. நீங்க வெட்டினத அப்பாகிட்ட சொல்லவான்னு நான் கேட்டேன். வேணாம், அப்பாவுக்குத் தெரிஞ்சிடுச்சேன்னு தம்பி சங்கடப்பட்டு நம்ம வீட்டுக்கு வர்றதையே நிறுத்திடுவாருன்னாங்க."

அதற்குப் பிறகும் எத்தனையோ முறை அந்த வீட்டில் டீ குடித்திருக்கிறேன். அக்கா ஒருமுறைகூட இதைச் சொன்னதில்லை.

இன்று காலை முருகையாவும் நானும் தொட்டிகளை வெளியே எடுத்தோம். நான் கத்தரியை எடுத்ததும், "நீங்களாண்ணே?" என்றார். பிறகு கைவிளக்கைப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றார். காய்ந்த தலைகளை மட்டும் வெட்டினேன். ஒவ்வொரு தண்டையும் வெட்டுமுன் அவரிடம் காட்டினேன். பதினொரு தண்டுகளில் எட்டில் மொட்டு புடைத்திருக்கிறது. உள்ளே இருப்பது பூவா, வெறும் இலையா என்பது இன்னும் தெரியவில்லை. ஈஸ்டருக்கு முந்தைய வாரம் தெரிந்துவிடும் என்கிறார் முருகையா. பூத்தால், அண்ணனுக்குப் பக்கத்தில் அக்கா துயிலும் இடத்துக்கு ஒரு தொட்டியைக் கொண்டுபோவதாக அனிதாவிடம் சொல்லியிருக்கிறேன்.

அதற்குள் அங்கே அண்ணன் பூவைப் பற்றிக் கேட்டால், அக்கா, இந்த முறை வெக்கையைச் சொல்லாதீர்கள், என் பெயரைச் சொல்லிவிடுங்கள்.